கொல்லையில் தண்ணீர் தேங்கும் இடத்தில் அழகுக்கோரை வளர்க்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொல்லையில் துவைகல் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் ஒரு பள்ளத்தில் போய் நிற்கின்றன. மழைக்காலத்தில் அது நிறைந்து சுற்றிலும் வழியும். களிமண். வாழை வைத்தோம், அழுகிவிட்டது. நர்சரியில் குடை மாதிரி தலை விரிந்த கோரை, பப்பைரஸ், மூங்கில் போலக் கணுக்கணுவாக இருக்கும் ஒரு பச்சைக் குச்சிச் செடி, மூன்றையும் பார்த்தேன். வைக்கலாமா? கோரை வைத்தால் தோட்டமே பாழாகிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். கொசு, பாம்பு பற்றியும் சொல்லுங்கள்.

பதில்:

தாராளமாக வைக்கலாம். அந்தப் பள்ளத்துக்கு வாழையைவிடக் கோரைதான் பொருத்தம். வாழைக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் அதன் வேர் நிற்கிற தண்ணீரில் மூச்சுவிட முடியாமல் அழுகும். கோரையின் தாளுக்குள், அதாவது தண்டுக்குள், மேலிருந்து கீழ்வரை காற்றறைகள் ஓடுகின்றன. வெளிக்காற்று அவற்றின் வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் வேர்வரை போய்ச் சேரும். அதனால்தான் மற்ற செடிகள் செத்துப்போகிற சேற்றில் கோரை தழைத்து நிற்கிறது. ஆனால் எந்தக் கோரை என்பதைச் செடியின் அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பள்ளம் சித்திரை மாதத்தில் எப்படி இருக்கும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஈரமான தோட்டம் என்று சொல்பவர்களில் பலர் கார்த்திகை மாதத் தோட்டத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் அதே இடம் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அங்கே பப்பைரஸ் வைத்தால் ஒரு கோடையோடு கதை முடிந்துவிடும்.

கோடையில் அந்த இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். அடிமண்ணைப் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும். நின்றால் அது ஆண்டு முழுக்க ஈரமான இடம், கோரைக்கு ஏற்றது. பொலபொலவென்று உதிர்ந்தால் அது மழைக்கால ஈரம் மட்டும்தான். அங்கே வெட்டிவேரும் கல்வாழையும் நிற்கும். கோரை வேண்டுமென்றால் தொட்டி புதைத்துத்தான் வைக்க வேண்டும். உங்களுக்குத் தினமும் துவைகல் தண்ணீர் வருகிறது, மண்ணும் களி. நான்கு பேர் உள்ள வீட்டில் சமையலறை, துவைகல் இரண்டும் சேர்ந்து நாளுக்கு 100 லிட்டருக்குக் குறையாது. ஆகவே உங்கள் பள்ளம் முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் ஒருமுறை தோண்டிப் பார்த்துவிடுங்கள். ஒருவேளை அந்த ஈரத்தில் பாதி, உடைந்த குழாயிலிருந்தோ செப்டிக் டேங்கிலிருந்தோ கசிவதாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதன்மேல் செடி வைத்து மறைக்கக் கூடாது.

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் நியாயமானது. அவர் மனதில் இருப்பது கோரைக்கிழங்கு, நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்பது. மண்ணுக்குள் கிழங்கின்மேல் கிழங்காகக் கோத்துக்கொண்டே போகும். பிடுங்கினால் தாள் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே நிற்கும். உலகின் மிக மோசமான களைகளின் பட்டியலில் அதற்கு முதலிடம் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கொத்திப் புரட்டுகிற மேட்டுநிலத்தின் களை. தொடர்ந்து தண்ணீர் கட்டி நிறுத்துகிற நடவு வயலில் அது அடங்கியே கிடக்கும். நீங்கள் வைக்கப்போகும் அழகுக்கோரைகளும் சைப்பரஸ் என்ற அதே பேரினம்தான், ஆனால் குணம் வேறு. அவை கிழங்கு விட்டுத் தோட்டமெங்கும் தாவுவதில்லை, தூர் கட்டி நின்ற இடத்தில்தான் பெருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். நர்சரியில் வாங்கும் செடியின் கவரிலேயே கோரைக்கிழங்கு ஒளிந்து வருவது வழக்கம். வாங்கி வந்ததும் கவரைக் கிழித்து, வாளித் தண்ணீரில் வேரை அலசி, பழைய மண் முழுவதையும் நீக்கிவிட்டு நடுங்கள். கறுப்பாக, கடலைப்பருப்பு அளவிலோ சற்றுப் பெரிதாகவோ ஏதாவது உருண்டை கிடைத்தால் எடுத்து வெயிலில் காயப்போடுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள்.

சரி, நீங்கள் பார்த்த மூன்று செடிகள்.

குடைக்கோரையை நர்சரிக்காரர்கள் அம்ப்ரெல்லா பாம் என்பார்கள். பெயர்தான் பாம், பனைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் இருந்து வந்த செடி. இடுப்பளவிலிருந்து நெஞ்சளவுவரை வளரும். தாளின் உச்சியில் குடைக்கம்பிகள் மாதிரி இலைகள் சுற்றி விரிந்திருக்கும். அரை நிழலிலும் வரும், முழு வெயிலிலும் வரும், சோப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். வேரில் சில நாள் தண்ணீர் குறைந்தாலும் நுனி காய்ந்து காட்டுமே தவிரச் சாகாது. முதன்முதலாகக் கோரை வளர்ப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். உங்கள் துவைகல் பள்ளத்துக்கும் இதுவே முதல் தேர்வு.

இதைப் பெருக்க ஒரு தூர் வாங்கினால் போதும். முற்றின தாள் ஒன்றின் தலையை, 2 அங்குலக் காம்போடு வெட்டிக்கொள்ளுங்கள். குடை இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். அப்புறம் அதைத் தலைகீழாக, குடை தண்ணீரில் மூழ்கி காம்பு மேலே நிற்கும்படி, ஓர் அகலமான பாத்திரத்தில் போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் குடையின் நடுவிலிருந்து வெள்ளை வேரும், அதை அடுத்துப் பச்சைக் குருத்துகளும் கிளம்பும். நீரோரத்தில் தானாக வளரும்போது இந்தச் செடி செய்வதும் இதையேதான். முற்றிய தாள் சாய்ந்து தலை தண்ணீரைத் தொட்டால், தொட்ட இடத்தில் புதுச் செடி முளைக்கும். பாத்திரத் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், கொசுவுக்காக. குருத்து விரல் நீளம் வந்ததும் சேற்றில் நடலாம்.

பப்பைரஸ் பழைய எகிப்தியர்கள் எழுதுவதற்குத் தாள் செய்த செடி. தண்டைக் கீறி, உள்ளே இருக்கும் சோற்றை நாடா நாடாவாகச் சீவி, ஒரு வரிசைக்குக் குறுக்கே இன்னொரு வரிசை அடுக்கி அழுத்திக் காயவைத்தார்கள். ஆளுயரத்தையும் தாண்டி 10 அடிக்கு மேல் போகும். உச்சியில் பச்சை நூற்கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு தலை. பார்த்தால் ஆசை வராமல் இருக்காது. ஆனால் அதற்கு முழு வெயில் வேண்டும், வளமான சேறு வேண்டும், தண்ணீர் ஒருநாளும் வற்றக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றுத் தடுப்பு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அடிக்கிற புயல்காற்றுக்கு அந்த நெடுந்தாள்கள் மடங்கி ஒடியும். வேர் பிழைத்து மறுபடி தாள் விடும் என்றாலும் மூன்று நான்கு மாதம் கொல்லை அலங்கோலமாகத்தான் இருக்கும். மதில் மூலை ஒன்று வெயிலோடு கிடைத்தால் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதே மாதிரித் தலை, முழங்கால் உயரம் போதும் என்றால் ட்வார்ஃப் பப்பைரஸ் என்ற குட்டை வகை கிடைக்கிறது. வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டியில் வைக்க அது நன்றாக இருக்கும். நல்ல தண்ணீர் ஊற்றுகிற தொட்டிக்குத்தான் அது. துவைகல் தண்ணீர் அதற்கு ஒத்துவராது.

மூன்றாவது, கணுக்கணுவான பச்சைக் குச்சி. அது ஹார்ஸ்டெயில், ஈக்விசீட்டம் என்ற பேரினம். கோரை, புல் எதுவும் இல்லை; பூக்காது, விதைக்காது, பெரணியைப்போல வித்துத்தூளால் பெருகும் பழங்காலச் செடி. தண்டில் மணற்சத்து நிறைய உண்டு, தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரக்கும். அதை வைத்து மரச்சாமான்களைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். நவீன வீடுகளின் முகப்பில் நெட்டுக்குத்தாக நிற்க வைத்தால் அழகுதான். ஆனால் தரையில் நேரடியாக நடாதீர்கள், கண்டிப்பாக வேண்டாம். அதன் அடித்தண்டு ஆழத்தில் ஓடும், பிறகு எடுக்கவே முடியாது. குதிரைக்கு நஞ்சு என்று தெரிந்த செடி, ஆகவே ஆடு மாடு மேய்கிற கொல்லையிலும் வேண்டாம். அடிப்பாகம் மூடிய தொட்டியில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நர்சரியில் இருக்காது, யாரும் அதை அழகுச்செடி என்று நினைப்பதும் இல்லை. பாய்க்கோரை. தாமிரபரணிக் கரையில் பத்தமடையில் பட்டுப்போல் மடிகிற பாய் நெய்வதும், கரூர், திருச்சி, நாமக்கல் பக்கம் காவிரிக்கரையில் பயிராகவே போட்டு அறுப்பதும் இந்த இனம்தான். தாள் மூன்று பட்டையாக இருக்கும், விரலிடையில் உருட்டினால் பட்டை தட்டும். உச்சியில் சிறிய பழுப்புக் கதிர். ஒற்றைத் தாளைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. நூறு தாள் ஒரே தூரில், நெஞ்சளவில், சாய்ந்த வெயில் பின்னாலிருந்து படும்படி நின்றால், லேசான காற்றுக்கே மொத்தத் தூரும் அலையடிக்கும். இறக்குமதிச் செடி எதுவும் அந்த அசைவைத் தராது. இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் பழகிய செடி என்பதால் பராமரிப்பும் குறைவு. கோரை பயிரிடும் விவசாயி யாரிடமாவது கேட்டால் அறுப்பு முடிந்தபின் ஒரு பிடி தூர் பெயர்த்துத் தருவார்கள். அதை மூன்று நான்கு தாள் சேர்ந்த துண்டுகளாகப் பிரித்து ஓரடி இடைவெளியில் நட்டால் ஓராண்டில் இடைவெளி மூடிவிடும். முழு வெயில் வேண்டும், நிழலில் தாள் மெலிந்து சாய்ந்துவிடும். குடைக்கோரையைவிடப் பக்கவாட்டில் வேகமாகப் பரவும், ஆகவே கீழே சொல்லும் செங்கல் தடுப்பு இதற்குக் கட்டாயம்.

ஊட்டி, கொடைக்கானல் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி. ஸ்பிரிங் மாதிரி சுருண்ட தாள் உள்ள கார்க்ஸ்க்ரூ ரஷ் உங்களுக்கு நன்றாக வரும்; அதன் இனமான ஜங்கஸ் வகைகள் நீலகிரி, பழனி மலைச் சதுப்புகளில் தாமாகவே வளர்கின்றன. சமவெளியில் அதை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம், கத்திரி வெயிலைத் தாங்காது.

ஏரிக்கரையில் பழுப்புநிறச் சுருட்டு போலக் கதிர் விடும் சம்புவையும் சிலர் அழகுக்காகப் பிடுங்கி வந்து வைக்கிறார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் அது பரந்து நிற்பதைப் பார்த்தால் அதன் வேகம் புரியும். ஒரே கதிரில் லட்சத்துக்கும் மேல் விதை, பஞ்சோடு காற்றில் போகும். வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், தாளைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுத்துவிடுங்கள். காற்றறைகளில் தண்ணீர் புகுந்து வேர் மூச்சுத்திணறிச் சாகும். இதே காரணத்தால் நீங்கள் ஆசையாக வளர்க்கும் கோரையை ஒருபோதும் தண்ணீருக்கு அடியில் அறுக்காதீர்கள். எப்போதும் மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் அரிவாள் படவேண்டும்.

உங்கள் பள்ளத்தை எப்படி அமைப்பது என்பதுதான் முக்கியம். இதில் கொஞ்சம் உடலுழைப்பு உண்டு, ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

இப்போது இருக்கிற மாதிரித் திறந்த குட்டையிலேயே கோரையை நட்டால் கொசு குறையாது, கூடும். சோப்பும் சோற்றுக்கஞ்சியும் கலந்த தண்ணீர் கியூலெக்ஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். கோரைத் தூர் நடுவில் காற்றும் அலையும் படாமல் புழுக்கள் பத்திரமாக வளரும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே கண்ணுக்குத் தண்ணீரே தெரியக் கூடாது. பள்ளத்தை 2 அடி ஆழத்துக்கு, ஒரே மட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். பரப்பு ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் என்பது பொதுக் கணக்கு. நான்கு பேருக்கு 6 அடி அகலம், 10 அடி நீளம் என்றால் தாராளம். தண்ணீர் வந்து விழும் முனையில் 40 எம்.எம். ஜல்லியும் மற்ற இடமெல்லாம் 20 எம்.எம். ஜல்லியும் நிரப்புங்கள். எதிர்முனையில் வழிகுழாயை, ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 3 அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும் உயரத்தில் வையுங்கள். தண்ணீர் எப்போதும் ஜல்லிக்கு அடியிலேயே ஓடும். கொசு முட்டையிட இடம் கிடைக்காது. களிமண் என்பதால் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு உங்களுக்குத் தேவையில்லை. மணற்பாங்கான நிலத்துக்காரர்கள் விரிக்க வேண்டும்.

கோரையை இந்த ஜல்லியிலேயே நடலாம், வேரைச் சுற்றி ஒரு கைப்பிடி மண் இருந்தால் போதும். அழுக்கை உண்மையில் தின்பது வேரையும் ஜல்லியையும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு வேண்டிய பிராணவாயு, தாளின் காற்றறை வழியாக இறங்கி வேரிலிருந்து கசிகிறது. ஜெர்மனியில் 1950-களில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி ஒரு கோரை இனத்தை வைத்துத்தான் இந்த ஆய்வைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் கட்டப்படுகிற வேர்மண்டலச் சுத்திகரிப்புப் படுகைகள் அந்த வழியில் வந்தவைதான். இங்கே பக்கத்தில் ஆரோவில்லிலும் இத்தகைய படுகைகளைப் பார்க்கலாம். உங்கள் கொல்லையில் அமைவது அதன் சின்ன வடிவம். வருகிற தண்ணீரில் நாற்றம் இருக்கும், வழிகிற தண்ணீரில் பெருமளவு போய்விடும். அந்தத் தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிடலாம். குடிக்கவோ கீரைப்பாத்திக்கோ ஆகாது. படுகையின் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தானாக முளைக்கும், பார்க்க நன்றாகவும் இருக்கும், ஆனால் பறித்துச் சமைக்க வேண்டாம். கிணறோ போரோ இருந்தால் படுகை அதிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். வீட்டுச் சுவரிலிருந்தும் 5, 6 அடி விடுங்கள்.

சமையலறைத் தண்ணீர் நேராகப் படுகைக்குள் போகக் கூடாது. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஜல்லியை அடைத்துவிடும், அடைத்தால் தண்ணீர் மேலே வந்து நிற்கும், மறுபடியும் கொசு. நடுவில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, குறுக்கே ஒரு பலகைத் தடுப்பு வையுங்கள். தடுப்பின் அடிவழியாக மட்டும் தண்ணீர் போகட்டும். எண்ணெய் மேலே மிதந்து தங்கிவிடும், பருக்கை அடியில் படியும். வாரம் ஒருமுறை அள்ளி எருக்குழியில் போடுங்கள். இந்த வாரவேலையைச் செய்யாமல் விட்டதால்தான் நான் பார்த்த படுகைகள் பெரும்பாலும் கெட்டன. கோரையால் கெட்டதாக ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதையும் அந்த வழியில் ஊற்றாதீர்கள். துணிக்குப் போடும் பவுடர் அளவாக இருந்தால் குடைக்கோரை தாங்கும். ஆர்.ஓ. மிஷினின் கழிவுத் தண்ணீரை மட்டும் தொடர்ந்து விட்டால் உப்பு ஏறி நுனியெல்லாம் கருகும், மற்றத் தண்ணீரோடு கலந்து போகட்டும்.

பரவாமல் தடுக்க, படுகையின் நான்கு பக்கமும் ஒரு வரிசை செங்கல் வைத்துத் தரைக்கு மேலே 2 அங்குலம் நிற்கும்படி சிமெண்ட் பூசிவிடுங்கள். இவ்வளவு வேலை முடியாது, ஒரே ஒரு தூர் போதும் என்றால் கிணற்றுக்குப் போடும் சிமெண்ட் உறை ஒன்றை வாங்கிப் புதைத்து, அதற்குள் நடுங்கள். அம்மாவுக்கும் நிம்மதி.

படுகை முழுக்க ஒரே கோரை வேண்டாம் என்பது என் கருத்து. கோரையின் தாள் எல்லாம் நெட்டுக்கோடுகள். அதன் அழகு தெரிய வேண்டுமானால் பக்கத்தில் அகன்ற இலை ஒன்று வேண்டும். தண்ணீர் விழும் முனையில் கல்வாழை வையுங்கள், அழுக்குத் தண்ணீரை அதைப்போல் தாங்குகிற பூச்செடி இல்லை. சிவப்பும் மஞ்சளுமாக ஆண்டு முழுக்கப் பூக்கும். நடுவில் குடைக்கோரை, வெயில் நன்றாகப் படுகிற எதிர்முனையில் பாய்க்கோரை. நிழல் விழுகிற ஓரத்தில் இரண்டு சேம்பு. கரைமேட்டில் வெட்டிவேர் வரிசை ஒன்று போட்டால் மழையில் மண் கரையாது. இதற்குமேல் எதுவும் சேர்க்க வேண்டாம். கடைக்காரர் ஆகாயத்தாமரையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாசலில் நல்ல தண்ணீர்த் தொட்டியில் வைப்பவர்களுக்கு முறை கொஞ்சம் மாறும். புதுச் சிமெண்ட் தொட்டி என்றால் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள், இரண்டு மூன்று முறை அப்படிச் செய்து சுண்ணாம்புக் காரம் போனபின் நடுங்கள். மண் கனமாக இருக்க வேண்டும், வயல் வண்டல் மிகச் சிறப்பு. தேங்காய் நார்த்தூள் மிதந்து தண்ணீரைக் கலக்கிவிடும். மண்ணுக்குமேல் ஒரு அங்குலம் கூழாங்கல், அதற்குமேல் 2, 3 அங்குலம் தண்ணீர். உரத்துக்கு, நன்கு மக்கிய சாணத்தைக் களிமண்ணில் பொதிந்து உருண்டையாக்கி வேருக்கு அருகில் ஆழமாகச் செருகுங்கள். மேலே தூவினால் தண்ணீர் பச்சையாகிப் பாசி பிடிக்கும். இந்தச் சுத்தமான தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். நான்கைந்து கப்பி மீன் விடுங்கள், புழு ஒன்றும் தப்பாது. அந்த மீன்களை வாய்க்காலிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், நம் நாட்டு மீன் அல்ல. தட்டான்களும் வரும். அவற்றின் குஞ்சுகள் தண்ணீருக்குள் இருந்து கொசுப்புழுவைத் தின்று வளர்ந்து, கோரைத் தாளைப் பிடித்து மேலேறித்தான் தோல் உரித்துச் சிறகு விரிக்கும். ஆகவே மருந்து அடிக்காதீர்கள். கோடையில் செம்பேன் வந்து தாள் வெளிறினாலும், மாவுப்பூச்சி அப்பினாலும், குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

பாம்பு விஷயத்தை மழுப்பாமல் சொல்கிறேன். ஈரம் இருந்தால் தவளை வரும், தவளை இருந்தால் பாம்பு வர வாய்ப்பு உண்டு. டெல்டா கொல்லைகளில் அது கோரை இல்லாமலும் வரத்தான் செய்கிறது. பெரும்பாலும் வருவது நஞ்சில்லாத தண்ணீர்ப்பாம்பு, ஆனால் எல்லாமே அதுதான் என்று நம்பி நடக்க முடியாது. செய்ய வேண்டியது, தூரின் அடி கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருப்பது. காய்ந்த தாள் கீழே குவியக் கூடாது. மாதம் ஒருமுறை பழுப்பேறிய தாளையெல்லாம், முன்பு சொன்னபடி தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே அறுத்து எடுங்கள். அறுத்த தாள் மறுபடி வளராது, புதுத்தாள் அடித்தண்டிலிருந்துதான் வரும், ஆகவே நுனியை மட்டும் கத்தரிப்பதில் பயன் இல்லை. சமையலறை வாசலுக்கும் படுகைக்கும் நடுவே ஒரு பாதை அகலத்துக்கு வெறுந்தரை இருக்கட்டும். இரவில் அங்கே போனால் டார்ச் வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டிப் படுகை அமைக்காதீர்கள்.

நடவுக்கு ஆனி முதல் ஆவணிவரை நல்ல காலம். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். மழை தொடங்கியபின் நட்டால் சின்னத் துண்டுகள் மிதந்து போகும். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் தைவரை பொறுங்கள். நட்ட முதல் மாதம் தண்ணீர் வேரை நனைக்கிற அளவுக்கு மட்டத்தை உயர்த்தி வையுங்கள், பிறகு சொன்ன அளவுக்கு இறக்கலாம்.

இரண்டு ஆண்டில் தூர் நடுவில் வெறுமையாகி ஓரத்தில் மட்டும் தாள் விடும். அப்போது கடப்பாரையால் பெயர்த்து, இளம் ஓரத்தை மட்டும் பிரித்து நட்டு, பழைய நடுப்பகுதியை எடுத்துவிடுங்கள். எடுத்ததை வாய்க்காலில் எறியக் கூடாது. குடைக்கோரை பல நாடுகளில் நீரோடைகளில் தப்பிப்போய்க் களையாகியிருக்கிறது. காவிரிக் கிளைவாய்க்கால்கள் ஏற்கெனவே ஆகாயத்தாமரையால் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். தூரை வெயிலில் கவிழ்த்துப் போட்டு வேர் நொறுங்கும்வரை காயவைத்து, அப்புறம் எருக்குழியில் சேருங்கள். அறுத்த தாள்கள் காய்ந்தபின் தென்னம்பாத்திக்கு மூடாக்காகப் போட நல்லவை.